எட்டு மாதம் யாரும் தொடாத சாக்கு: ஒரு நாவல்பள்ளம் பயணம்

எங்கள் தெருவில் சாக்கடை ரோட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. பகல் பதினொரு மணி வெயிலிலும் ஓடும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் பரவாயில்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை நான் தருவதாக இல்லை.

இந்த ஆறு வருடத்தில் நாற்பத்தொரு மனு கொடுத்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்து நாற்பது வருடம் பிழைத்தவன். மனு எழுதப் பழகியதும், அறுபத்தாறு வயதுக்கு மேல் இந்தக் கம்ப்யூட்டரில் தட்டப் பழகியதும் எனக்கு நானே சொல்லிக்கொடுத்தவை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை இருக்காது.

நாற்பத்தொன்றாவது மனுவுக்குத் தை மாதம் இரண்டாவது வாரம் பதில் வந்தது. 'பணி முடிக்கப்பட்டது' என்று போனில் ஒரு செய்தி, கூடவே சுத்தமான வாய்க்கால் ஒன்றின் போட்டோ. அந்தப் போட்டோவில் ஒரு தென்னை மரம் நிற்கிறது. எங்கள் தெருவில் தென்னை மரமே கிடையாது. நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, கீழே விவரம் எழுதி, வாசல் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் அதன் மேலேயே யாரோ பாக்குச் சாறு துப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அலுவலகத்தைத் திட்டுவதா, துப்பியவனைத் திட்டுவதா என்று தெரியாமல் அன்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. என் மனைவி ஒரு பையில் கம்பளியையும் மாத்திரைகளையும் எடுத்து வைத்தாள். "நாலு நாள் மலையில போய் இருந்துட்டு வாங்க. சாக்கடைய நான் பாத்துக்கிறேன். அது எங்கயும் போயிடாது" என்றாள்.

இப்படித்தான் நான் கொடைக்கானல் மலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை 8.50க்கு வத்தலகுண்டில் பஸ் ஏறினேன். மலைப்பாதை சுமார் அறுபது கிலோமீட்டர். கொடைக்கானல் பஸ் நிலையத்தில் இறங்கும்போது 11.35. சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வருகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மேலே கொண்டுபோகக் கூடாது, சோதிப்பார்கள். எங்கள் பஸ்ஸில் ஒரு குடும்பம் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது. சோதனைச் சாவடி வருவதற்கு முன்பே ஐந்து பாட்டிலையும் மடமடவென்று குடித்து முடித்து, ஜன்னல் வழியாகக் காட்டுக்குள் எறிந்தார்கள். சட்டம் தெரியாதவன் செய்கிற குப்பை ஒரு ரகம். சட்டம் தெரிந்தவன் செய்கிற குப்பை இன்னொரு ரகம். நான் எழுந்து சத்தம் போட்டேன். அவர்கள் போனில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஏரிக்கரையில் நிற்கவே மனமில்லை. நான் போக நினைத்தது மன்னவனூர் சாலையில் பிரிந்து போகும் நாவல்பள்ளம் என்ற சிற்றூர். கொடைக்கானலிலிருந்து 38 கிலோமீட்டர். என் கடைக்கு ஒருமுறை பம்ப் மோட்டார் கொண்டுவந்த ஒருவர் சொன்ன இடம். கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு, நாற்பது ஐம்பது வீடு, ஒரு சின்ன மாதா கோயில், ஒரு மினி பஸ். வேறொன்றும் இல்லை என்றார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மினி பஸ் மதியம் 2.15க்கு. ஓட்டுநர் பாண்டிக்கு நாற்பது வயது இருக்கும். வண்டி அவருடையது, டிக்கெட் கிழிப்பதும் அவரே. கட்டணம் 45 ரூபாய்.

சாயங்காலம் 4.20க்கு ஒரு வளைவில் வண்டி நின்றது. எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், வீடு என்று ஒன்றுமில்லை. ஊர் இங்கிருந்து 2.8 கிலோமீட்டர் என்றார் பாண்டி. முன்னால் ரோடு உடைந்திருக்கிறது, நடந்துதான் போக வேண்டுமாம். நான் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். இதில் நாவல்பள்ளம் என்று போட்டிருக்கிறது, நாவல்பள்ளம் வராமல் இறங்க மாட்டேன் என்றேன்.

"பெரியவரே, எட்டு மாசமா இதாங்க நாவல்பள்ளம்" என்றார் அவர்.

நான் இறங்கவில்லை. அவரும் கோபப்படவில்லை. "அப்ப இருங்க. காலைல ஆறு பத்துக்குத்தான் வண்டிய எடுப்பேன். கதவ மட்டும் உள்ளாற இருந்து சாத்திக்கங்க, காட்டுமாடு வந்து மூஞ்ச நீட்டும்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஒரு பெண்மணி போகாமல் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும். பெயர் செல்வராணி. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னார், "ஐயா, மத்தவங்க எல்லாம் வெரசா போயிட்டாங்க. எனக்கு முட்டி ஏலாது. உங்க நடைதான் என் காலுக்குச் சரியா வரும். நீங்க எறங்குனாத்தான் நானும் வீட்டுக்குப் போறது."

அதற்காக இறங்கினேன். பாண்டிக்காக இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வளைவைத் தாண்டியதும் காரணம் தெரிந்தது. மலையிலிருந்து வரும் ஓடை ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாகப் போக வேண்டும். அது ரோட்டுக்கு மேலே ஏறி ஓடியது. பள்ளத்துப் பக்கம் தார் அரித்து, ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு ரோடே காணவில்லை. காய் ஏற்றும் பிக்கப் வண்டிகள் மலையோடு ஒட்டிக்கொண்டு போய்விடுமாம். பஸ் போகாது. புதுப் பாலம் கேட்டு ஊர் சார்பில் பதினான்கு மனு போயிருப்பதாகச் செல்வராணி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சொந்தம் பரவியது.

மீதி வழியில் அவர் தன் கதையைச் சொன்னார். காலை எட்டேகாலுக்கு அவர் அடுப்படியில் இருக்க வேண்டும். அதற்கு 6.10 பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். முட்டி வீங்கிய நாட்களில் பஸ் போய்விடும். இந்த மாதம் நான்கு முறை அப்படி ஆகிவிட்டது. "இனி ஒரு நாள் சுணங்கினாலும் வேற ஆள் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமையில இருந்து கணக்கு. நியாயந்தானே, நூத்தம்பது புள்ளைக பசியோட நிக்கும்ல" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2.8 கிலோமீட்டர் நடக்க எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

தங்கியது பாண்டி வீட்டுப் பின்னறையில். ஒரு நாளைக்கு 600 ரூபாய், வெந்நீர் உண்டு, இரவு கோதுமைத் தோசையும் பூண்டுக் குழம்பும் தனி. சண்டை போட்ட ஆள் வீட்டிலேயே தங்குவது அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் ஊரில் வேறு அறை இல்லை. அன்று ராத்திரி குளிரில் என் பல் செட் டம்ளருக்குள் இருந்துகொண்டே ஆடியது.

வெள்ளிக்கிழமை வெள்ளனே, பாண்டியோடும் செல்வராணியோடும் நானும் வளைவுக்கு நடந்தேன். வெளிச்சம் வந்ததும் குழாயின் மேல்வாயைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வருடம் பழுது பார்த்தவனுக்கு முதலில் அடைப்பு எங்கே என்று பார்க்கத்தான் தோன்றும். குழாய் உடையவில்லை. அதன் வாயில் ஒரு பெரிய சாக்கு திணித்திருந்தது. வைக்கோல் அடைத்துத் தைத்த சாக்கு. பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது.

இது என்ன என்று பாண்டியிடம் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அது அடைப்புங்க" என்றார்.

பிறகு வண்டி ஓட்டிக்கொண்டே விளக்கினார். கேரட் பிடுங்கினால் கழுவி அனுப்ப வேண்டும். அதற்காக ஓடைத் தண்ணீரைத் தேக்குவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை நாள். முறைக்காரர் தன் சாக்கால் குழாயை அடைப்பார், கழுவி முடித்ததும் எடுத்துவிடுவார். அடைத்தவர்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் அடைப்பில் கை வைப்பது தண்ணீர் திருடுவதற்குச் சமம். ஒரு காலத்தில் இதற்காக மண்டை உடைந்ததாம், அதன் பிறகு ஊர் கூடி வைத்த சட்டம். இந்தச் சாக்கு சவரிமுத்து என்பவருடையது. எட்டு மாதத்துக்கு முன் அவருடைய முறை முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் கூடுதலாக அவர் அடைப்பை வைத்திருந்தார். அடுத்த முறைக்காரர் வந்து எல்லோர் முன்னாலும் திருடன் என்று சொல்லிவிட்டார். சவரிமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சாக்கை அப்படியே விட்டுவிட்டு, கொடைக்கானலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கூப்பிட்டால்தான் வருவேன் என்கிறார் அவர். அவராக வந்து எடுக்கட்டும் என்கிறது ஊர்.

ஆக, பதினான்கு மனுவிலும் ஒரு வரி கூட அந்தச் சாக்கைப் பற்றி இல்லை.

திருடன் என்று சொன்ன அடுத்த முறைக்காரர் யார் என்று கேட்டேன். பாண்டி கியரை மாற்றினார். "நாந்தாங்க" என்றார்.

கொடைக்கானலில் செல்வராணி 8.05க்கு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் ஏரிச்சாலையில் சவரிமுத்துவின் மகள் வைத்திருக்கும் மக்காச்சோளக் கடையைத் தேடிப் போனேன். சவரிமுத்து என் வயதுக்காரர், தலையில் குரங்குக் குல்லா, ஸ்டூலில் உட்கார்ந்து சோளத்தின் மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தார். நாவல்பள்ளத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவிங்க அனுப்புனாங்களா?" யாரும் அனுப்பவில்லை என்றேன். "அப்பச் சோளம் வேணும்னா வாங்கிட்டுப் போங்க" என்றார்.

நான் போகவில்லை. சோளம் வாங்கி, பல் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே, எங்கள் தெருக் கதையைச் சொன்னேன். தென்னை மர போட்டோ வரைக்கும் சொன்னேன். நாற்பத்தொரு மனு என்றதும் அவர் உரிப்பதை நிறுத்தினார். அந்த எண்ணுக்கு ஒரு மரியாதை கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

"சரி, உங்க தெருவுல அடைச்சது யாரு?" என்று கேட்டார்.

யார் யார் என்று விவரமாகச் சொன்னேன். முனையில் இருக்கும் பேக்கரி, அடுத்த வீட்டு வக்கீல், எதிர் வரிசையில் ஒன்பது வீடு. எல்லோரும் வண்டி ஏற்றுவதற்காக வாய்க்கால் மேல் சிமெண்ட் சாய்வு போட்டு மூடிவிட்டார்கள், உள்ளே தூர் எடுக்கவே வழியில்லை என்றேன்.

"உங்க வாசல்ல?"

எங்கள் வாசலிலும் இருக்கிறது. மொபெட் ஏற்றுவதற்காகப் பதினோரு வருடம் முன்பு நானே மணலும் சிமெண்டும் குழைத்துப் போட்டது. நாற்பத்தொரு மனுவிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் இன்னொரு சோளம் என்ன விலை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "முப்பது ரூவா" என்றார்.

அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் கெஞ்சியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. அதனால் எழுந்து நின்று சொன்னேன்: "உங்க ஊர்ச் சட்டம் உங்க ஊர்க்காரங்களுக்கு. நான் வெளியூரான். இன்னைக்குச் சாயங்காலம் நாலரைக்கு அந்தச் சாக்க நான் எடுக்கப் போறேன்."

"என் அடைப்பையா?"

"ஆமா."

"எடுத்துருவீரு?"

"முடிஞ்சா வந்து தடுங்க."

மதியம் 2.15 பஸ்ஸில் ஏறினால், முன் வரிசையில் சவரிமுத்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு துண்டு, கையில் தடி. பாண்டி அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. அவரே 45 ரூபாயை எண்ணி இன்ஜின் மூடி மேல் வைத்தார். பாண்டி அதைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் அந்தக் காசு அங்கேயே குலுங்கிக்கொண்டு வந்தது. வண்டியில் இருந்த இருபது பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வளைவில் இறங்கியதும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர், கத்தி போலக் குளிர். யாரும் வீட்டுக்குப் போகவில்லை, வரிசையாக ரோட்டில் நின்றார்கள். சாக்கின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தேன். என் கால் வழுக்கியதுதான் மிச்சம்.

"கைய எடுய்யா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "எஞ் சாக்கு. இழுக்கத் தெரியாம இழுத்து அங்கனயே கிழிச்சுத் தொலைக்காத."

சவரிமுத்து தடியைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். குனிந்து, தண்ணீருக்கு அடியில் கையை விட்டுத் தடவி, ஒரு கயிற்றைப் பிடித்தார். ஒவ்வொருவரும் தன் அடைப்பில் பிடிகயிறு எங்கே கட்டியிருக்கிறோம் என்பதை அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்களாம். இடது பக்கமாக ஒரு வெட்டி இழுப்பு, வலது பக்கமாக ஒன்று, அவ்வளவுதான். சாக்கு பிடுங்கிக்கொண்டு வந்தது. குழாய் ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல் சத்தம் கேட்டது. எட்டு மாதத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இடித்துக்கொண்டு பாய்ந்தது. நான் அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழ்வாயில் செம்மண் நிறத்தில் கொட்டியது. எழுபத்தொரு வயதில் நான் கை தட்டினேன். வெட்கமில்லை.

பாண்டி ஓடையோரம் வந்து கையை நீட்டினார். "ஏறி வாங்க மாமா."

"ஏலே, திருடன் வீட்டுக்கு வந்தா சட்டி பானையெல்லாம் எண்ணி வச்சுக்க" என்றார் சவரிமுத்து.

"கோவத்துல வந்த வார்த்த மாமா அது. எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னேன். எல்லாருக்கும் முன்னாலயே சொல்றேன், தப்புதான். கையப் புடிங்க."

சவரிமுத்து முதலில் சாக்கைக் கரையில் தூக்கிப் போட்டார். பிறகு அந்தக் கையைப் பிடித்தார்.

சனிக்கிழமை காலை ரோடு காய்ந்திருந்தது. அரித்த இடத்தில் கல் அடுக்க ஊரே வந்தது. குழாய்க்குள் தேங்கிய மண்ணை மண்வெட்டியால் இழுத்தார்கள். நான் சொன்ன யோசனை ஒன்றையும் யாரும் கேட்கவில்லை, மலைக்காரர்களுக்குக் கல் அடுக்கத் தெரியும். அதனால் ஒரு பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டு மன்னவனூர் போய் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தேன். புல்வெளியும் ஏரியும் கொடைக்கானல் ஏரியை விட எனக்குப் பிடித்தன, கூட்டம் இல்லை. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மீதி வேலை. சாயங்காலம் நாலு மணிக்குப் பாண்டி வெறும் வண்டியைக் கல் மேல் ஏற்றிப் பார்த்தார். ஒருவரும் ஏறக் கூடாது என்றார். சவரிமுத்து கேட்கவில்லை, முன் வரிசையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒருமுறை சறுக்கி, கடித்துப் பிடித்து, ஏறியது. எட்டு மாதத்துக்குப் பிறகு நாவல்பள்ளத்துக்குள் பஸ் ஹாரன் கேட்டது. நாய்களுக்கு அந்தச் சத்தம் மறந்துபோயிருந்தது, ஊர் முழுக்கத் துரத்திக் குரைத்தன.

திங்கட்கிழமை 5.50க்கு வண்டி ஊருக்குள்ளிருந்தே கிளம்பியது. செல்வராணி 5.40க்கு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்து ஏறினார். கொடைக்கானலில் இறங்கி, ஓடாமல் நடந்தார். நான் கூடவே போய்ப் பள்ளி வாசல் வரை பார்த்தேன். உள்ளே நுழையும்போது என் கடிகாரத்தில் 8.11.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் என் வாசல் சாய்வை உளியும் சுத்தியலும் வைத்து நானே உடைத்தேன். ஆறு மணி நேரம் ஆயிற்று. யாரும் இதை என் தோல்வி என்று நினைக்க வேண்டாம். உள்ளேயிருந்து வந்த குப்பையில் எங்கள் வீட்டுப் பால் கவர்களும் இருந்தன, மறைக்கவில்லை. மூன்றாம் நாள் வக்கீல் தன் சாய்வை உடைத்தார். ஒரு வாரத்தில் நான்கு வீடு. நாற்பத்திரண்டாவது மனுவை உடைத்த வாசல்களின் போட்டோவோடு கொண்டுபோனேன். அதிகாரி முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். இரண்டு நாளில் தூர் எடுக்க ஆள் வந்தது. அதைப் பார்த்து மீதி வீட்டுக்காரர்களும் உடைத்தார்கள். பேக்கரிக்காரர் இன்னும் உடைக்கவில்லை. அவர் வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. அவரை நான் விடுவதாக இல்லை. அலுவலகத்தையும் விடுவதாக இல்லை. குற்றம் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு பக்கமும் கேட்கலாம், முன்பை விடச் சத்தமாகக் கேட்கலாம். என் வாசல் இப்போது திறந்திருக்கிறது.

நாவல்பள்ளம் போக நினைப்பவர்களுக்கு: கனத்த கம்பளி வேண்டும், வழுக்காத செருப்பு வேண்டும். ஊரில் ஏ.டி.எம். கிடையாது. அறைக்குப் பாண்டியிடமே கேளுங்கள், சனி ஞாயிறில் கிடைப்பது கடினம். குழாய் வாயில் சாக்கு இருந்தால் தொடாதீர்கள், அன்று யாரோ கேரட் கழுவுகிறார்கள். பஸ் கடைசி வரை போகிறது. காலையில் ஏறும்போது மட்டும் படிக்கட்டை ஒட்டிய முதல் சீட்டில் உட்கார வேண்டாம். காலி என்று தோன்றும். அது செல்வராணி முட்டியை நீட்டி உட்காரும் இடம்.